ஒரு லட்சம் டாலர் கட்டி ஆடும் போக்கர் தொடர்: முதல் நாளில் என்ன நடக்கிறது?

பெரிய தொகைக்கு நடக்கும் போக்கர் தொடர் ஏதாவது ஓர் ஊரில் தொடங்கினால் போதும், இங்கே டர்பனில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அதன் காணொளித் துண்டுகள் வந்துவிடுகின்றன. திரையின் ஓரத்தில் 24,00,000 என்று ஓர் எண். அதன் பக்கத்தில் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர் போலத் தெரியும் ஒரு பையன். "முதல் நாளே இவ்வளவு சம்பாதித்துவிட்டான்" என்று கீழே யாராவது எழுதுகிறார்கள். "எல்லாம் கேசினோக்காரன் காசு" என்று அதற்கு ஒரு பதில். "கேசினோ மெஷினில் விட்டதை இதில் எடுக்கலாம் போலிருக்கே" என்று இன்னொருவர்.

மூன்றுமே தவறு. மூன்றாவது ஆபத்தும்கூட. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இப்படி நினைத்துக்கொண்டு சம்பளப் பணத்தை எடுத்துப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்குகிறேன். போக்கர் தெரியாதவர்களும் படிக்கலாம்.

## கோயில் மண்டபத்துத் தூனிப் போட்டி

நம் வீடுகளில் தூனி ஆடத் தெரியாதவர் குறைவு. 24 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று ஆஸையே பின்னுக்குத் தள்ளும் கணக்கு. கோயில் திருப்பணிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பணம் திரட்ட மண்டபத்தில் தூனிப் போட்டி நடத்துவது நம் பக்கம் வழக்கம்தானே. அதை வைத்தே தொடங்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 32 ஜோடிகள் வருகின்றன. ஜோடிக்கு 300 ரேண்ட் நுழைவுக் கட்டணம். மொத்தம் 9,600 ரேண்ட் சேர்கிறது. அதில் 1,600 கோயிலுக்கு. மீதி 8,000 பரிசு: முதல் ஜோடிக்கு 5,000, இரண்டாவதுக்கு 2,000, மூன்றாவதுக்கு 1,000. மற்ற 29 ஜோடிகளும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகின்றன.

போக்கர் போட்டியின் எலும்புக்கூடு இவ்வளவுதான். ஒவ்வொருவரும் கட்டும் தொகைக்கு பை-இன் என்று பெயர். அதில் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு ரேக். மீதியெல்லாம் சேர்ந்தது பரிசுத் தொகை. கேசினோ பொதுவாகத் தன் பெட்டியிலிருந்து ஒரு சென்ட்டும் போடுவதில்லை. ஆடுபவர்களின் பணம்தான் ஆடுபவர்களுக்குள் கை மாறுகிறது.

தூனியில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்டத்தின் கணக்கை 'பால்' என்று எண்ணுகிறோம். 12 பால் எடுத்த ஜோடி வென்றது. யாராவது "அவர்கள் 12 ரேண்ட் சம்பாதித்தார்கள்" என்று சொல்வார்களா? மாட்டார்கள். போக்கர் போட்டியில் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் சிப்பும் அந்த மாதிரி கணக்கு வைக்கும் பொருள்தான்.

ஆனால் தூனி இதற்கு மேல் நமக்கு உதவாது. தூனியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. போக்கரில் சிப் கூடவே வருகிறது. மேசை மாறினாலும், நாள் மாறினாலும், கடைசிவரை அதே குவியல்தான். அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது.

## சிப் வேறு, பணம் வேறு

போக்கரை இரண்டு விதமாக ஆடுகிறார்கள். ஒன்று கேஷ் கேம்: அங்கே 500 ரேண்ட் சிப் என்றால் 500 ரேண்டேதான், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய் மாற்றிக்கொள்ளலாம். மற்றது டோர்னமென்ட், அதாவது போட்டி. இதில் எல்லோரும் ஒரே தொகை கட்டி, ஒரே அளவு சிப் வாங்குகிறார்கள். நடுவில் எழுந்து மாற்ற முடியாது. சிப் தீர்ந்தால் வெளியே. ஒருவரிடம் எல்லாச் சிப்பும் சேரும்வரை ஆட்டம் போகும். அவர்தான் முதல் பரிசுக்காரர்.

சிப்பின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கும் கட்டிய பணத்துக்கும் எந்தத் தொடர்பும் வேண்டியதில்லை. லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் தொடங்கிய பழைய தொடர் அது. அதன் முதன்மைப் போட்டிக்குக் கட்டணம் 10,000 டாலர். கையில் தருவதோ 60,000 சிப். வேறொரு தொடரில் ஒரு லட்சம் டாலர் கட்டினால் இரண்டு லட்சம் சிப் தரலாம். பத்து லட்சமும் தரலாம். அது நடத்துபவரின் விருப்பம். ஆகவே திரையில் 24,00,000 என்று பார்த்தால் அது டாலரும் இல்லை, ரேண்டும் இல்லை. அந்தப் பையன் முதல் நாளில் ஒன்றும் சம்பாதிக்கவில்லை. கட்டிய பணம் இன்னும் திரும்பிவரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சுருக்கமாக: போட்டியில் சிப் என்பது உயிர். செலவழிக்க முடியாது, மாற்ற முடியாது, தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

## பிளைண்ட் எதற்கு?

மிகப் பரவலாக ஆடப்படும் வகைக்கு ஹோல்டெம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். மேசை நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைப்பார்கள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு யாருடைய கை உயர்ந்தது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், விலகலாம். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே ஜெயிக்கலாம். போக்கர் வெறும் சீட்டு அதிர்ஷ்டமாக நின்றுவிடாமல் இருப்பதற்கு அந்த ஒரு விதிதான் காரணம்.

சரி, நல்ல சீட்டு வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன? அதைத் தடுக்கத்தான் பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே மேசையில் இரண்டு பேர் கட்டாயமாகச் சிப் வைக்க வேண்டும். சிறியது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். இந்தப் பொறுப்பு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகர்ந்து எல்லோரையும் சுற்றிவரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயரும். அந்த இடைவெளிக்கு லெவல் என்று பெயர்.

முதல் நாளைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. ஒருவரிடம் எத்தனை சிப் இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை பிக் பிளைண்ட் என்பதைத்தான் ஆடுபவர்கள் எண்ணுகிறார்கள். உலகத் தொடரின் முதன்மைப் போட்டி 100-க்கு 200 என்ற பிளைண்டில் தொடங்குகிறது. 60,000 சிப் என்றால் 300 பிக் பிளைண்ட். ஒரு லெவல் இரண்டு மணி நேரம். அதனால் முதல் நாளில் அங்கே அவசரமே கிடையாது. அந்த ஒரு போட்டி முடியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. லட்ச டாலர் போட்டிகள் அப்படியல்ல. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். லெவல் குறுகியது, பிளைண்ட் மளமளவென்று ஏறும். காலையில் நூறு பிக் பிளைண்டோடு உட்கார்ந்தவர், ஒரு சிப்பும் இழக்காவிட்டாலும், இரவுக்குள் பத்து பிக் பிளைண்டுக்கு இறங்கிவிடலாம். குவியல் அப்படியேதான் இருக்கிறது. சுற்றியுள்ள விலை ஏறிவிட்டது.

அந்த நிலைக்கு வந்தவருக்கு வழி ஒன்றுதான்: உள்ள சிப்பையெல்லாம் ஒரே ஆட்டத்தில் பந்தயமாக வைப்பது. அதற்கு ஆல்-இன் என்கிறார்கள். அங்கே திறமையின் வேலை குறைந்து சீட்டின் வேலை கூடிவிடுகிறது. கையில் இரண்டு ஆஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா என்றால் ஆஸ்காரர் ஜெயிக்கும் வாய்ப்பு ஐந்துக்கு நான்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர், எந்தத் தவறும் செய்யாமல், ஒரு லட்சம் டாலரை விட்டுவிட்டு எழுந்து போகிறார்.

## தொடக்க நாளில் மேசைகள் ஏன் காலி?

தொடர் என்பது ஒரே போட்டி அல்ல. ஒன்றிரண்டு வாரத்தில் பத்துப் பதினைந்து போட்டிகள், சிலது ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி நடக்கும். பல தொடர்களில் கட்டணம் குறைந்த போட்டிதான் முதலில் வருகிறது. 'குறைந்த' என்றால் 25,000 டாலராக இருக்கலாம்! ஒரு டாலரை 18 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் நான்கரை லட்சம் ரேண்ட். முதன்மைப் போட்டியும், மிகப் பெரிய கட்டணப் போட்டியும் நடுவிலோ பின்னாலோ வரும். ஆடுபவர்கள் வெவ்வேறு நாட்டிலிருந்து வந்து சேரவும், நேர வேறுபாட்டுக்கு உடம்பு பழகவும், யார் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கவும் அந்த முதல் நாட்கள் பயன்படுகின்றன.

ஆட்டம் தொடங்கும் மணிக்குப் போய்ப் பார்த்தால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் "கூட்டமே இல்லை, தோல்வி" என்று எழுதுகிறார்கள். அப்படியில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகும் பல லெவல்வரை பணம் கட்டிச் சேரலாம். இதற்கு லேட் ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். சில போட்டிகளில் இரண்டாம் நாள் தொடங்கும்வரைகூட திறந்திருக்கும். தாமதமாக வருபவருக்கும் அதே அளவு சிப்தான், ஆனால் பிளைண்ட் அதற்குள் ஏறியிருக்கும். அதை ஏற்றுக்கொண்டுதான் வருகிறார்கள்.

இதோடு சேர்ந்தது ரீ-என்ட்ரி. சிப் தீர்ந்தவர், பதிவு மூடுவதற்குள், மறுபடி முழுக் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். ஆகவே '150 நுழைவுகள்' என்று ஒரு செய்தி சொன்னால் 150 பேர் என்று அர்த்தமில்லை. நூறு பேர் வந்து, அவர்களில் சிலர் இரண்டு மூன்று தடவை கட்டியிருக்கலாம். அப்படிக் கட்டியவர் நாளை ஏதோ ஒரு பரிசு வாங்கினாலும், மொத்தத்தில் நஷ்டத்தில் இருக்கக்கூடும். செய்தியில் பரிசு மட்டும் வரும். எத்தனை தடவை கட்டினார் என்பது வராது. இந்தத் துறைச் செய்திகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த மறைப்புதான்.

பதிவு மூடும்வரை பரிசுத் தொகை எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே ஓர் எண்ணைப் பெரிதாக விளம்பரம் செய்தால் அது கியாரண்டி: இதற்குக் குறைந்தால் வித்தியாசத்தை நாங்கள் போடுகிறோம் என்று நடத்துபவர் தரும் வாக்கு. கேசினோ பக்கத்துப் பணம் பரிசில் சேர்வது பொதுவாக இந்த ஒரு சூழ்நிலையில்தான்.

சுருக்கமாக: முதல் நாள் எண்கள் எல்லாம் அரைகுறை. நுழைவு எண்ணிக்கை ஏறும், பரிசுத் தொகை ஏறும், ஆள் கணக்கு வேறு, நுழைவுக் கணக்கு வேறு.

## பரிசு யாருக்குப் போகிறது?

2024-ல் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 10,112 பேர் ஆடினார்கள். அதுவரை அதுதான் மிகப் பெரிய கூட்டம். ஒவ்வொருவரும் கட்டிய 10,000 டாலரில் 9,300 மட்டுமே பரிசுக்குப் போனது. மீதி 700 நடத்துபவருக்கும் ஊழியர்களுக்கும். பரிசு பெற்றவர்கள் 1,517 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து. மற்ற எண்பத்தைந்து பேருக்கு ஒன்றுமில்லை. பரிசு தொடங்குவதற்கு ஓர் இடம் முன்னால் வெளியேறும் நிலைக்கு பபிள் என்று பெயர். அந்த ஓர் இடத்தை நெருங்கும்போது மேசைகளில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது.

பெரிய தொகைப் போட்டியில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 2012-ல் அதே லாஸ் வேகஸ் தொடரில் பத்து லட்சம் டாலர் கட்டணத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். 48 பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கட்டணத்திலிருந்தும் 1,11,111 டாலர், தண்ணீர் வசதிக்காகப் பாடுபடும் ஒன் டிராப் அறக்கட்டளைக்குப் போனது. மீதிப் பணம் ஒன்பது பேருக்கு மட்டும். முதலிடம் பிடித்த அன்டோனியோ எஸ்ஃபாண்டியாரிக்கு 1.83 கோடி டாலர். அது எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. ஒன்பதாம் இடத்துக்குக் கிடைத்தது 11,09,333 டாலர். கட்டியது பத்து லட்சம். 48 பேரில் ஒன்பதாவதாக வந்தவருக்குக் கையில் நின்ற லாபம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். பத்தாவதாக வந்தவர் கட்டிய பத்து லட்சத்தையும் இழந்தார்.

வென்றவருக்குத்தான் அதிகப் பணம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2019-ல் லண்டனில் டிரைட்டன் தொடரில் 10,50,000 பவுண்ட் கட்டணப் போட்டி நடந்தது. 54 பேர். 50,000 பவுண்ட் வீதம் தர்மத்துக்கு. கடைசியில் பிரின் கென்னியும் ஆரன் ஸாங்கும் மிஞ்சினார்கள். முதல் பரிசு 1.9 கோடி, இரண்டாவது 1.167 கோடி பவுண்ட் என்று இருந்தது. வித்தியாசம் மிகப் பெரிது என்பதால், அப்போது கையிலிருந்த சிப் அளவை வைத்து இருவரும் பணத்தை முதலிலேயே பிரித்துக்கொண்டார்கள். இதற்கு டீல் என்கிறார்கள். அந்த நேரம் சிப் அதிகமிருந்த கென்னிக்கு 1.689 கோடி. பிறகு ஆட்டம் திரும்பியது, ஸாங் வென்றார், கோப்பை அவருக்கு. பணமோ 1.378 கோடிதான். தோற்றவர் அதிகமாக வாங்கிப் போனார்.

## அது யாருடைய பணம்?

இதைத்தான் நம்மவர்கள் அறவே கவனிப்பதில்லை. லட்ச டாலர் மேசையில் உட்காரும் தொழில்முறை ஆட்டக்காரர் அந்தப் பணம் முழுவதையும் தன் பையிலிருந்து போடுவது அரிது. பங்கு விற்கிறார். "என் கட்டணத்தில் 70 விழுக்காடு நீங்கள் போடுங்கள், பரிசு வந்தால் 70 விழுக்காடு உங்களுக்கு" என்ற ஏற்பாட்டுக்கு ஸ்டேக்கிங் என்று பெயர். பத்து லட்சம் டாலர் வென்றார் என்று செய்தி வந்தால், அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது மூன்று லட்சமாக இருக்கலாம். தோற்றாலும் அவர் இழந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்புறம் அவர் அடுத்த வாரம் இன்னொரு ஊரில் உட்காருகிறார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பெரும் தொழிலதிபர்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அவர்கள் இல்லாமல் இந்த ஆட்டமே நடக்காது, ஏனென்றால் தொழில்முறையாளர்கள் தங்களுக்குள்ளேயே பணத்தைச் சுற்றவிட்டால் ரேக்தான் மிஞ்சும். லண்டன் போட்டிக்கு அழைக்கப்பட்ட ஒவ்வொரு செல்வந்தரும் தன்னோடு ஒரு தொழில்முறையாளரை அழைத்துவரலாம் என்று விதி வைத்ததும், தொடக்கத்தில் இரு சாராரையும் தனித்தனி மேசைகளில் உட்காரவைத்ததும் அதனால்தான்.

சாதாரண மனிதர் உள்ளே வர ஒரு சிறு கதவு இருக்கிறது: சாட்டிலைட். சிறு கட்டணப் போட்டியில் ஜெயித்தால் பரிசாகப் பெரிய போட்டிக்கு இடம். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணையப் போட்டியில் தொடங்கி, 839 பேர் ஆடிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அதன் பிறகுதான் உலகமெங்கும் கூட்டம் பெருகியது. நம் நாட்டுக்காரர் ஒருவரும் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறார்: ஜோகன்னஸ்பர்க் ரேமண்ட் ராமே, 2007-ல் 6,358 பேர் ஆடியதில் மூன்றாம் இடம், முப்பது லட்சம் டாலருக்கு மேல். பெருமைதான். ஆனால் 6,358 என்ற எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## இங்கே, தென்னாப்பிரிக்காவில்

கடற்கரையோரம் சன்கோஸ்ட் கேசினோவுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வரிசை வரிசையாக மெஷின்கள். மெஷினில் நாம் ஆடுவது கேசினோவுக்கு எதிராக. நீண்ட காலத்தில் கேசினோவுக்குச் சாதகமாகவே கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. திறமையால் அதை மாற்ற முடியாது. போக்கர் போட்டியில் நாம் ஆடுவது மற்ற மனிதர்களுக்கு எதிராக. இன்னொரு குழப்பமும் இருக்கிறது: சில கேசினோ மேசைகளில் 'போக்கர்' என்று பெயரிட்ட ஆட்டங்களில் எதிராளி சீட்டுப் போடும் ஊழியரேதான். பெயர் போக்கர், கணக்கு மெஷின் கணக்கு. உட்காரும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கைபேசியில் ஆடுவது பற்றி: 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி இங்கே இணையவழிப் போக்கருக்கு அனுமதி இல்லை. அனுமதிக்க 2008-ல் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட்டு, அது திரும்பி வரவில்லை என்றால் இங்கே முறையிட வாசல் கிடையாது. பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

## முதல் நாள் செய்தி ஒன்றைப் படிப்போம்

கற்பனையாக ஒரு செய்தி: "ஒரு லட்சம் டாலர் போட்டியின் முதல் நாள் முடிந்தது. 90 நுழைவுகள், 36 பேர் மிச்சம். முன்னிலையில் இருப்பவரிடம் 24,00,000. பிளைண்ட் 10,000-க்கு 20,000. தொடக்கச் சிப் 2,00,000."

90 நுழைவு, ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம்: மொத்தம் 1.8 கோடி சிப் ஆட்டத்தில் இருக்கிறது. 36 பேருக்குப் பங்கிட்டால் சராசரி 5 லட்சம், அதாவது 25 பிக் பிளைண்ட். நாளைக் காலையிலேயே பலருக்கு ஆல்-இன் நெருக்கடி வரும் என்று இதிலிருந்து தெரிகிறது. முன்னிலையில் இருப்பவரிடம் 120 பிக் பிளைண்ட். காத்திருக்கும் வசதி அவருக்கு இருக்கிறது. பரிசு நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு என்றால் பதின்மூன்று பதினான்கு பேர்தான் வாங்குவார்கள், இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு போக வேண்டும். இதுவரை சேர்ந்தது 90 லட்சம் டாலர், ரேக் கழிப்பதற்கு முன். நாளைக்கும் பதிவு திறந்திருந்தால் நுழைவு, பரிசு எண்கள் மாறும். ஆட்டம் தொடரத் தொடர முன்னிலையில் இருப்பவரின் 24,00,000-மும் மாறும்.